மேவிஸின் பதினைந்து பவுண்டு நியாயம்

மேவிஸ் பட்டர்வொர்த் அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக ஓல்டம் சந்தைக்கு வந்திருந்தாள். நாற்பது பென்ஸுக்கு ஒரு சாமான் வேண்டும். என்ன சாமான் என்பது முக்கியமில்லை. முப்பத்தைந்து என்றால் வேண்டாம். ஐம்பது என்றால் பக்கத்திலேயே வரவேண்டாம்.

“நாப்பது பென்ஸுக்கு இந்தக் காலத்துல என் பெருமூச்சுதான் கெடைக்கும்,” என்றாள் சில்லறைச் சாமான் கடை ஹில்டா.

“அதையே ஒரு பொட்டலம் கட்டிக் குடு. கிறிஸ்துமஸ் காலுறைக்குள்ள போட்டுடறேன்.”

“யாருக்குக் குறையுது? பெரியவனுக்கா, சின்னவனுக்கா?”

“சின்னவனுக்கு. அவனுக்கு வாங்கின நகவெட்டிய எவளோ தள்ளுபடில குடுத்துத் தொலைச்சுட்டா. பதினாலு அறுபதுல நிக்குது.”

“அவன் என்ன ரசீது கேக்கப் போறானா? நாப்பத்திமூணு வயசாவுது மேவிஸ் அவனுக்கு! கிறிஸ்துமஸ் தாத்தா கிடையாதுன்னு யாராவது அந்தப் புள்ளகிட்ட சொல்லித் தொலைங்களேன்.”

“அவனுக்குத் தெரியாது சரி. எனக்குத் தெரியுமில்ல,” என்றாள் மேவிஸ்.

கடைசியில் ஒரு பென்சில் ஷார்ப்னர் அகப்பட்டது. சின்னவன் ரஸ்ஸல் பென்சிலைக் கையில் தொட்டு முப்பது வருஷம் இருக்கும். அதனால் என்ன? கணக்கு பதினைந்து பவுண்டில் வந்து நின்றது. மேவிஸ் நிம்மதியாக பஸ் ஏறினாள்.

கிறிஸ்துமஸ் தாத்தா ராத்திரியில் வந்து பரிசு போடுவதாகச் சொல்லித் தொங்கவிடும் காலுறையை நிரப்ப எவ்வளவு செலவழிக்கலாம் என்று இந்த நாட்டில் வருஷாவருஷம் ஒரு விவாதம் நடக்கும். பத்திரிகையில் ஒரு நிபுணர் பத்து பவுண்டு என்பார். இன்னொருவர் ஐம்பது என்பார். அவருக்கு மாமனார் வசதி என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளும்போதுகூட இவ்வளவு யோசிக்காத ஜனங்கள், ஒரு சோப்புக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இது காலுறைக்கா மரத்தடிக்கா என்று கடை நடுவில் அரைமணி நேரம் நிற்பார்கள். கிறிஸ்துமஸ் மரத்தடியில் வைப்பது பெற்றவர்கள் பெயரில் போகும் பரிசு. அதில் கொஞ்சம் பகட்டு காட்டலாம். காலுறைக்குள் விழுவதெல்லாம் கிறிஸ்துமஸ் தாத்தா கணக்கு. ஊர் முழுக்கப் போட வேண்டிய மனிதர், கையைப் பிடித்துத்தான் போடுவார்.

மேவிஸ் இந்த விவாதத்தில் ஒருநாளும் கலந்துகொண்டதில்லை. எவ்வளவு என்பது அவளுக்குக் கேள்வியே இல்லை. இரண்டு பிள்ளைகளின் காலுறைக்கும் ஒரே அளவா? அதுதான் கேள்வி.

அந்தக் கேள்வி அவளுக்கு ஏழு வயதில் பிறந்தது. அந்த வருஷம் அக்கா ஐரிஸின் காலுறையிலிருந்து கண்ணை மூடித் திறக்கும் ஒரு குட்டி பொம்மை வந்தது. மேவிஸின் காலுறையிலிருந்து முகம் துடைக்கிற துண்டு வந்தது. அதன் பின்னால் ஒரு சீப்பு. அப்பா பஸ் கண்டக்டர். ஒரு பொம்மைக்குத்தான் கை எட்டியிருக்கிறது. “நீ வெவரமான பொண்ணு, புரிஞ்சுக்குவே,” என்றாள் அம்மா. மேவிஸ் நன்றாகவே புரிந்துகொண்டாள், ஆனால் அம்மா சொல்லவந்ததை அல்ல. ஐரிஸ் பிற்பாடு கனடா போய்ச் சேர்ந்தாள். டிசம்பரில் அங்கிருந்து ஒரு வாழ்த்து அட்டை வரும். மேவிஸ் அதைப் பிரித்து, படித்து, அலமாரியில் மற்ற அட்டைகளுக்குப் பின்னால் வைப்பாள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் பரிமாறினாள். கஸ்டர்டு கரண்டியை விளிம்பில் வழித்துவிட்டுத்தான் ஊற்றுவாள். பிள்ளைகள் ‘தராசு’ என்று பெயர் வைத்தார்கள். தலைமையாசிரியர் ஒருதடவை தட்டை நீட்டி, “இன்னும் கொஞ்சம் ஊத்துங்களேன்” என்று இளித்திருக்கிறார். “பின்னாடி நிக்கற நானூறு பேருக்கும் கொஞ்சம் ஊத்தணும். பால் வாங்கிட்டு வரீங்களா?” என்ற பதிலோடு போய் உட்கார்ந்தார்.

வீட்டிலும் அதே தராசுதான். கிரஹாமுக்கும் ரஸ்ஸலுக்கும் ஆரஞ்சுப் பழத்தை நிறுத்துப் போடுவாள். கிரஹாம் கல்யாணத்துக்கு ஐநூறு பவுண்டு கொடுத்த அன்றே, கல்யாணம் என்ற பேச்சே இல்லாமல் மாப்பிள்ளைத் தோழனாக நின்ற ரஸ்ஸல் கையிலும் ஐநூறு திணித்தாள். “பெரியவனுக்கு அம்மை போட்டா இவ சின்னவனுக்கும் எங்கேயாவது தேடிப்போய் வாங்கிட்டு வந்துடுவா,” என்பார் புருஷன் டெரிக். லாரி ஓட்டியவர். அவர் போனபிறகு அவருடைய சிவப்புக் கால்பந்து காலுறை ஜோடியைத்தான் மேவிஸ் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் காலுறையாக்கினாள். வலது பெரியவனுக்கு, இடது சின்னவனுக்கு. ஒரே ஜோடி என்பதால் கொள்ளளவில் சண்டை வராது. பேத்தி மெய்ஸி பிறந்ததும் அவளுக்கும் பதினைந்து பவுண்டில் ஒன்று. கிரஹாமுக்குக் குழந்தை இல்லை. அதற்காக அவனுக்குக் குறையலாமா? அவனுடைய இரண்டு நாய்களுக்கும் சேர்த்துப் பதினைந்து பவுண்டில் இன்னொன்று.

இவ்வளவு செய்தும் பிள்ளைகள் சமமாக வரவில்லை. கிரஹாமுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் மேலாளர் வேலை, செஷயர் பக்கம் பெரிய வீடு. அங்கே தரைக்கு அடியிலேயே சூடு ஓடும், வெறுங்காலோடு நடக்கலாம். ரஸ்ஸலுக்குச் சொந்தமாக ஒரு வேன். பார்சல் கொண்டுபோய்ப் போடுவான், பார்சலுக்கு இத்தனை பென்ஸ் என்று கூலி. நவம்பரில் வேன் படுத்துக்கொண்டது. எழுப்ப என்ன செலவானது என்று அவன் சொல்லவில்லை. மேவிஸ் கேட்கவுமில்லை. இந்த ஊரில் பிள்ளையிடம் உடம்பைப் பற்றிக் கேட்கலாம், பெண்டாட்டியைப் பற்றிக்கூடக் கேட்கலாம். பணத்தைப் பற்றிக் கேட்டால் அவன் சட்டையை அவிழ்த்துப் பார்த்த மாதிரி.

ரஸ்ஸலும் நிக்கோலாவும் பிரிந்து மூன்று வருஷம். ஆறு வயது மெய்ஸி தாயோடு இருந்தாள். அப்பா வீட்டுக்குப் பகலில் வருவாள், இருட்டுமுன் திரும்பிவிடுவாள். இந்த வருஷம் நிக்கோலா முதல்தடவையாக இறங்கிவந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளிலிருந்து மறுநாள் வரை குழந்தை அங்கேயே இருக்கட்டும்.

“ஆனா ஒண்ணு ரஸ்,” என்று சொல்லியிருந்தாள். “உன் வீட்டுல, உன் பொறுப்புல. உங்கம்மாகிட்ட கொண்டுபோய் விட்டுட்டு நீ கால நீட்டிக்கிற வேலையெல்லாம் வேணாம். இது ஒழுங்கா நடந்தா மாசத்துல ரெண்டு சனிக்கெழமை ராத்திரி தங்கட்டும். இல்லேன்னா பகலோட சரி.”

ரஸ்ஸல் இதை அம்மாவிடம் ஒரு நாலு தடவையாவது சொல்லியிருப்பான். குழந்தை படுக்கப்போகும் அறைக்கு வெள்ளையடித்தான். நரிக்குட்டிகள் ஓடுகிற போர்வை ஒன்று வாங்கினான். கூரையில் இருட்டில் ஒளிரும் நட்சத்திரங்களை ஒட்டி, கழுத்து பிடித்துக்கொண்டு இரண்டு நாள் ஒருபக்கமாகவே நடந்தான்.

இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் காலுறைகளை வாங்கிப்போக அம்மா வீட்டுக்கு வந்தான். மேவிஸ் மாவுக்குள் இறைச்சியை வைத்து ‘பை’ என்கிற பண்டம் சுட்டு வைத்திருந்தாள். மூன்று துண்டு தின்றான். அவன் இரண்டுக்கு மேல் தின்று மேவிஸ் பார்த்ததில்லை. தன் கைமணம் என்று நினைத்துக்கொண்டாள்.

“ஏம்மா, இந்த வருஷம் எதுக்கு சாமானெல்லாம்?” என்றான் வாயைத் துடைத்துக்கொண்டே. “பேசாம என் பதினஞ்சு பவுண்டையும் நோட்டா மடிச்சுக் காலுறைக்குள்ள போட்டுடேன். தாத்தாவுக்கும் மூட்டை தூக்கற வேலை மிச்சம்.”

“காலுறைக்குள்ள நோட்டு போட்டா அதுக்குப் பேரு காலுறை இல்லடா, சம்பளக் கவர்.”

“சம்பளக் கவர் பாத்து ரொம்ப நாளாச்சு. எப்படி இருக்கும்னு ஒருதடவை பாத்துக்கறேனே.”

“போடா, போக்கிரி.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ரஸ்ஸல் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

“வீட்ட சூடா வெச்சிருக்கியா? கொழந்தை வருது.”

“அதெல்லாம் ஆயிடும்மா.”

சாமான் திணித்து முறுக்கிக்கொண்டிருந்த காலுறைகளைப் பையில் போட்டுக் கொடுத்தாள். “நாளன்னிக்குக் காலைலதான் பிரிக்கணும். கிரஹாமும் அப்பதான் பிரிப்பான்.”

“தெரியும்மா.”

வாசல் கேட் வரை போனவன் அங்கேயே நின்றான். கொண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தான். “இது ஆடுதும்மா. அடுத்த வாரம் வந்து முடுக்கறேன்.” அப்புறமும் போகவில்லை. கொண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“வேற ஏதாவது வேணுமாடா?”

“இல்லம்மா. ஒண்ணுமில்ல.”

மேவிஸின் கை மேலங்கிப் பைக்குள் போனது. அங்கே பர்ஸ் இருந்தது, பர்ஸில் இரண்டு இருபது பவுண்டு நோட்டு. அவள் மக்கு இல்லை. அவன் தின்ற மூன்றாவது துண்டு இப்போதுதான் அவளுக்கு வேறு மாதிரி தெரிந்தது. ஆனால் ரஸ்ஸலுக்கு நாற்பது என்றால் கிரஹாமுக்கு நாற்பது. அதற்குப் பென்ஷன் வர வேண்டும். சரி, ஆளுக்கு இருபது. கிரஹாம் “எதுக்கும்மா?” என்பான். காரணம் சொல்ல வேண்டும். சொன்னால், தம்பி கைநீட்டிவிட்டான் என்று ஆகும், இவன் கை நீட்டவே இல்லை. பண்டிகை முடியட்டும். பென்ஷன் வந்ததும் இரண்டு பேருக்கும் ஒரே நாளில், ஒரே மாதிரி.

மிகவும் நியாயமான முடிவு. எந்த நீதிமன்றமும் அதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. முடிவுக்கு வந்து அவள் நிமிர்ந்தபோது வேன் கிளம்பிவிட்டது.

கிறிஸ்துமஸை ஒரு வருஷம் சின்னவனோடு, ஒரு வருஷம் பெரியவனோடு கழிப்பாள். இந்த வருஷம் பெரியவன் முறை. மறுநாள் மதியம் கிரஹாம் காரில் வந்து கூட்டிப்போனான். இருட்டியபிறகு மருமகள் ஃபெலிசிட்டி, அண்டை வீட்டுக்காரர்களுக்கு மேவிஸை “எங்க கிரஹாமோட அம்மா, ரொம்ப ஸ்வீட்” என்று அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. ரஸ்ஸல்.

“என்னடா?”

“சும்மாதாம்மா. பத்திரமா போய்ச் சேந்தியா?”

“சேந்துட்டேன். கொழந்தை வந்தாச்சா?”

“வந்தாச்சு. குளிச்சுட்டு ஆடிட்டிருக்கா. அண்ணன் இருக்கானா பக்கத்துல?”

“குடுக்கவா?”

“வேணாம் வேணாம். சும்மாதான் கேட்டேன். வெச்சுடறேன்.”

காலையில் மரத்தடியில் உட்கார்ந்து எல்லோரும் காலுறை பிரித்தார்கள். கிரஹாம், “ஆஹா, டார்ச்! எனக்கு வேணும்னு நெனச்சிட்டே இருந்தேம்மா,” என்றான். அவன் வீட்டில் ஏற்கெனவே நாலு டார்ச் இருந்தது. நாலும் அவள் கொடுத்ததுதான். தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் காசு ஒரு வலை நிறைய வந்தது. “நாய்ங்களுக்கு எட்டாம மேல வைங்க,” என்றாள் ஃபெலிசிட்டி. நாய்கள் தங்கள் பதினைந்து பவுண்டைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தன.

மேவிஸ் ரஸ்ஸலைக் கூப்பிட்டாள். “வாழ்த்துக்கள்டா கண்ணு. மெய்ஸிகிட்ட குடு.”

“அவ தூங்கறாம்மா.”

மணி பதினொன்று. கிறிஸ்துமஸ் காலை. ஆறு வயதுக் குழந்தை. மேவிஸ் போனை வைத்துவிட்டு மேலங்கியை எடுத்தாள்.

“கிரஹாம், கார எடு.”

“இப்பவா? அம்மா, வான்கோழி அடுப்புல இருக்கு.”

“அது செத்துப்போச்சு. அதுக்கு அவசரம் இல்ல. எடு.”

ரஸ்ஸல் வீட்டுக்குள் மூச்சு புகையாக வந்தது. கூடத்தில் நாற்காலிகளைச் சுற்றிப் போட்டு, அவற்றின்மேல் இருக்கிற போர்வையையெல்லாம் கட்டி ஒரு கூடாரம் இருந்தது. கூடாரத்தின் வாசலில் ரஸ்ஸல், கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நரிக்குட்டிப் போர்வைமேல் தங்கக் காகிதங்கள் சிதறிக் கிடந்தன.

“எங்கடா கொழந்தை?”

“நிக்கோலா வந்து கூட்டிட்டுப் போயிட்டா.”

அவன் சொன்னது அதிகமில்லை. அந்த வீட்டில் வெளிச்சம், சூடு எல்லாமே கரண்டுதான். முன்கூட்டிப் பணம் ஏற்றினால்தான் மீட்டர் ஓடும். கம்பெனிக்காரர்களுக்கும் இதயம் உண்டு. மாலை ஆறு மணிக்குமேல் பணம் தீர்ந்தாலும் பண்டிகை முடிகிறவரை நிறுத்தமாட்டார்கள், பிற்பாடு பிடித்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் தீர்ந்தால் தீர்ந்ததுதான். ரஸ்ஸல் கணக்குப் போட்டு, காலையிலிருந்து ஒரு விளக்குகூடப் போடாமல் வைத்திருந்தான். ஆறு மணியைத் தொட்டுவிட்டால் போதும். மெய்ஸி மழையில் நனைந்து, பல் கிட்டிக்கொண்டு வந்தாள். குழந்தையைச் சுடுதண்ணீரில் குளிப்பாட்டினான். அந்தக் குளியலிலேயே மீட்டர் தீர்ந்துபோனது. ஆறு மணிக்கு இன்னும் அரைமணி இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லை. ரஸ்ஸலின் கூலி பண்டிகைக்குப் பிறகுதான் வரும். அம்மாவைக் கூப்பிட்டான், அப்புறம் தன் காலுறையைப் பிரித்துக் கவிழ்த்துப் பார்த்தான். ஒருவேளை அம்மா நோட்டாகப் போட்டிருந்தால்? டார்ச், சாக்லேட் காசு, உலன் சாக்ஸ், நகவெட்டி, ஆரஞ்சு, பென்சில் ஷார்ப்னர்.

“அதையெல்லாம் வெச்சு முகாம்னு சொல்லிட்டேன் அவகிட்ட,” என்றான். “பனிமலை ஏறப் போறோம், இதான் கூடாரம்னு. என் சாக்ஸ அவளுக்கு முழங்கால் வரைக்கும் மாட்டிவிட்டேன். டார்ச் வெளிச்சத்துல சாக்லேட் காசு வெச்சு சூதாட்டம். எல்லாத்தையும் ஜெயிச்சுட்டா. கோட்டு போட்டுட்டே தூங்கினா. ராத்திரி பூரா அவ மூக்கு குளிராம என் கையால மூடிட்டே இருந்தேன்.”

“அப்புறம்?”

“காலைல நிக்கோலா போன் பண்ணா. மெய்ஸி ஒண்ணையும் விடல. ‘அம்மா, நாங்க கோட்டு போட்டுட்டுத் தூங்கினோம்! வெளக்கே இல்ல! பேசினா வாயிலேருந்து பொகை வருது! இன்னும் பத்து நாள் இங்கயே இருக்கேம்மா!’”

அவன் சிரிக்கப் பார்த்தான். வாய் ஒருபக்கம்தான் போனது.

“அவ்வளவு சந்தோஷம்மா அவளுக்கு. அவ சந்தோஷமா சொல்லச் சொல்ல நிக்கோலா குரல் எறங்கிட்டே போச்சு. முக்கால் மணி நேரத்துல வந்துட்டா. கத்தல. கத்தியிருந்தா தேவல.”

மேவிஸ் ஒரு நாற்காலியைத் தேடினாள். எல்லா நாற்காலியும் கூடாரத்தில் இருந்தன. நின்றுகொண்டே கேட்டாள்.

“ஏன்டா என்கிட்ட கேக்கல?”

“கேட்டேனேம்மா.”

“எப்ப கேட்டே?”

“முந்தாநேத்து. நோட்டா போட்டுடுன்னு.”

“வெளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சேன்டா.”

“நானும் வெளையாட்டாத்தாம்மா கேட்டேன். வேற எப்படிக் கேக்கறது?”

வாசலில் நின்ற கிரஹாம் அப்போதுதான் வாயைத் திறந்தான். “என்கிட்டயாவது ஒரு வார்த்தை...”

“உன்கிட்டயா?” என்றான் ரஸ்ஸல். கோபமாகக்கூட இல்லை.

கிரஹாம் செல்போனை எடுத்தான். “அந்த மீட்டர் நம்பர் சொல்லு.” சொன்னான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கூடத்து விளக்கு பளிச்சென்று எரிந்தது. சுவரோர ஹீட்டர் டிக் டிக்கென்று சூடாகத் தொடங்கியது. உள்ளறையில் ஒரு சின்ன மரத்தில் சுற்றியிருந்த வண்ணவிளக்குகள் அதுபாட்டுக்கு மின்ன ஆரம்பித்தன. மூன்று பேரும் அதைப் பார்க்காமல் நின்றார்கள்.

மேவிஸ் பர்ஸைத் திறந்து இரண்டு நோட்டையும் எடுத்து ரஸ்ஸல் கையில் வைத்து, அவன் விரல்களை மடக்கினாள். அறுபது வருஷத்துக்கு மேலான பழக்கம். அவள் தலை தானாக வாசல் பக்கம் திரும்பியது.

“எனக்கு வேணாம்மா,” என்றான் கிரஹாம், அவள் வாயைத் திறக்குமுன்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேவிஸ் நிக்கோலாவைப் பார்க்கப் போனாள். “நானும் வரேன்,” என்று வேனில் கொண்டுவந்து விட்ட ரஸ்ஸல் தெருமுனையிலேயே நின்றுகொண்டான். “நான் வந்தா அவ பேசமாட்டா. நீ பேசினா கேப்பாம்மா. எல்லாரும் உன் பேச்சக் கேப்பாங்க.”

நிக்கோலா கதவைத் திறந்து, உள்ளே உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். மாமியார் உறவு அறுந்தாலும் டீ அறுவதில்லை.

“தப்பு என்னோடதும்மா,” என்றாள் மேவிஸ். “அவன் கேட்டான். கையில பணத்த வெச்சுட்டே நான் குடுக்கல.”

“ஏன்?”

மேவிஸ் சொல்லிப் பார்த்தாள். கிரஹாமுக்கும் கொடுக்க வேண்டும், பென்ஷன் வரவில்லை, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி... பாதியிலேயே அது அவள் காதுக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி கேட்டது. நிறுத்திவிட்டாள்.

நிக்கோலா கப்பைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ராத்திரி ட்யூட்டி பார்த்துவிட்டு வந்த கண்கள்.

“எனக்கு ரஸ் மேல கோவம் இல்ல. அவன் நல்ல அப்பன். எனக்கே தெரியும். ஆனா அவ மூக்குநுனி ஐஸ்கட்டி மாதிரி இருந்துது மேவிஸ். ஒரு போன் போட்டிருந்தா நானே பணம் ஏத்தியிருப்பேன். போடல. அடுத்த தடவையும் போடமாட்டான். கொழந்தைக்குக் காய்ச்சல்னா போடுவானா? அடிபட்டா போடுவானா? கேக்கத் தெரியாத ஆளுகிட்ட ராத்திரில எப்படி விடறது?”

“அவன் கேட்டாம்மா. எங்களுக்குத்தான் காது...”

“அப்ப கேக்கற மாதிரிக் கேக்கட்டும்.” குரலை இறக்கிக்கொண்டாள். “சனிக்கெழமை பத்து மணியிலேருந்து நாலு மணி வரைக்கும். அதுக்கு மேல இப்ப என்னால முடியாது.”

மாடியிலிருந்து மெய்ஸி தடதடவென்று இறங்கி ஓடிவந்து மேவிஸ் மடியில் விழுந்தாள். “பாட்டி! அப்பா அடுத்த முகாம் எப்ப போடறாராம்? நான் சாக்ஸ பத்திரமா வெச்சிருக்கேன். ஒண்ணு தொலைஞ்சுபோச்சு, ஆனா இன்னொண்ணு இருக்கு.”

மேவிஸ் அவள் தலைமுடியைக் கோதினாள். நானூறு பிள்ளைகளுக்குக் கரண்டி பிடித்தபோதெல்லாம் அவளுக்குப் பதிலுக்குப் பஞ்சம் வந்ததில்லை.

“அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன் கண்ணு.”

“நேத்து போன்ல நான் கேட்டேனே. அம்மாவைக் கேளுன்னாரு. அம்மாவைக் கேட்டா, அப்பாவைக் கேளுங்கறா.”

நிக்கோலா எழுந்து கப்புகளைக் கழுவப் போனாள். ஏற்கெனவே கழுவியிருந்த தட்டையும் சேர்த்துக் கழுவினாள்.

மேவிஸ் தெருமுனைக்கு நடந்து வந்தாள். வேனுக்குள் ரஸ்ஸல் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் அன்று சவரம் செய்து, நல்ல சட்டை போட்டிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். தெருமுனையில் காத்திருக்கப் போகிறவன் எதற்கு நல்ல சட்டை போடுகிறான்? கூப்பிட்டு அனுப்பினால் உள்ளே போகலாம் என்று இருந்திருக்கிறான்.

கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். அவன் கேட்கவில்லை. கேட்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சனிக்கெழம,” என்றாள் மேவிஸ். “பத்துலேருந்து நாலு வரைக்கும்.”

“ராத்திரி?”

அவள் தலையை அசைத்தாள்.

ரஸ்ஸல் சாவியைத் திருப்பினான். வேன் இருமி எழுந்தது. பிறகு முன்பலகையில் ஹீட்டர் காற்று வரும் துளையை விரலால் அவள் பக்கம் திருப்பிவிட்டான். அது திரும்பாமல் முரண்டுபிடிக்க, இரண்டு தடவை தட்டித் திருப்பினான். நவம்பரில் பழுதுபார்த்தபோது எதற்கெல்லாமோ பணம் கொடுத்தவன், அதற்குக் கொடுக்கவில்லைபோலும். அதிலிருந்து ஜனவரிக் குளிர்காற்று அப்படியே வந்து அவள் முழங்காலில் அடித்தது.

“சூடு வருதாம்மா?”

“வருதுடா,” என்றாள் மேவிஸ். “நல்லா வருது.”